மூன்றாம் மாடியில் ஒரு பழுப்பு நாய்

நவம்பர் 4, செவ்வாய்

இன்று பதினாறு சட்டைக்குக் காஜா எடுத்து முடித்தேன். பழைய வீட்டில் ஒன்பதைத் தாண்டினதில்லை. எல்லாம் இந்த பால்கனி வெளிச்சத்தின் புண்ணியம். அங்கே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து கோடவுன் சுவர் மூக்கில் இடிக்கும். பட்டப்பகலிலும் பல்பு எரிய வேண்டும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் எங்கே போகிறதென்று விரலால் தடவித்தான் கண்டுபிடிப்பேன். அம்மா தையல் கடையிலிருந்து தைத்த சட்டைகளை மூட்டையாகக் கொண்டுவருவாள், பொத்தான் துளைக்கு ஓரம் கட்டுவதும் பொத்தான் வைப்பதும் என் வேலை. இங்கே வந்த பிறகு அது வேலை மாதிரியே இல்லை.

பால்கனிக்கு ஒரே ஒரு குறை. எதிரே பி பிளாக் இருக்கிறது.

குடிவந்த அன்று ஆசையாக வெளியே போய் நின்றேன். எதிர் மூன்றாம் மாடியில் ஓர் ஆன்ட்டி இரண்டு கையையும் காற்றாலை போலச் சுற்றி உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு கையை மட்டும் நிறுத்தி ஆட்டினார். திரும்ப நானும் ஆட்ட வேண்டும், அவ்வளவுதான். நான் என்ன செய்தேன்? உட்கார்ந்துவிட்டேன். தொப்பென்று, தரையில்.

அது ஆயிற்று மூன்று வாரம். அதன்பிறகு பால்கனியில் நான் எழுந்து நின்றதே இல்லை. முட்டி போட்டுத்தான் போகிறேன், முட்டி போட்டுத்தான் வருகிறேன். இடுப்பு உயரத்துக்குத் தகரத் தடுப்பு இருக்கிறது. அடியில் மட்டும் தண்ணீர் போக ஒரு சாண் இடைவெளி. உள்ளே நான் இருப்பது ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது.

நவம்பர் 5, புதன்

துணி காயப்போட வழி கண்டுபிடித்துவிட்டேன். தரையில் உட்கார்ந்தபடியே துணியைத் துடைப்பக் கட்டையில் மாட்டி, மேலே தூக்கிக் கொடியில் போட்டுவிடலாம். அண்ணனின் பேன்ட் இரண்டு தடவை என் தலையிலேயே விழுந்தது. மூன்றாவது தடவை நின்றது.

நவம்பர் 7, வெள்ளி

குளிர். அண்ணன் தள்ளுபடியில் வாங்கிவந்த பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்தேன். உள்ளும் புறமும் பொசுபொசுவென்று மயிர். கழுத்தில் தொப்பியும் உண்டு. அண்ணன் கம்பெனி பஸ் ஓட்டுகிறான். விடியற்காலையில் போட்டுக்கொள்ள என்று வாங்கினான். முதல் நாளே பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்களாம். அதனால் எனக்கு அன்பளிப்பு.

நவம்பர் 9, ஞாயிறு

லிஃப்டில் சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறார்கள். சங்கச் செயலாளருக்கு அண்ணன் வைத்த பெயரே சுற்றறிக்கை சார். தண்ணீர்த் தொட்டி கழுவினால் ஒன்று, கழுவாவிட்டால் ஒன்று. ஒவ்வொரு விஷயத்துக்கும் எண் ஒன்றிலிருந்து தொடங்குவார். இன்றைக்கு இது:

"சுற்றறிக்கை எண் 1. ஏ பிளாக் மூன்றாம் மாடியில் பழுப்பு நிற நாய் ஒன்று நடமாடுவதாக நம்பத்தகுந்த தகவல் கிடைத்துள்ளது. குடியிருப்போர் எச்சரிக்கையாக இருக்கவும்."

மூன்றாம் மாடியா? எங்கள் மாடியா! எனக்கு நாய் என்றால் உயிரே போய்விடும். அண்ணன் குடையை எடுத்துக்கொண்டு வராந்தா முழுக்கத் தேடினான். "ஒண்ணையும் காணோம். ஆனா இருக்கும். நாய் வாசனை அடிக்குது" என்றான். அவன் செருப்பு வாசனை என்று அம்மா சொன்னாள்.

நவம்பர் 10, திங்கள்

கதவைத் திறக்கவில்லை. பால்கனியிலும் வழக்கத்தைவிடத் தாழ்ந்தே போனேன். நாய்க்குக் காது கூர்மையாம். தொப்பியையும் போட்டுக்கொண்டேன்.

நவம்பர் 12, புதன்

அம்மாவுக்கு நாய்மேல் இரக்கம். "பாவம், எந்த வீட்டுதோ, பட்டினியா கிடக்குதோ என்னமோ" என்று கதவுக்கு வெளியே இரண்டு ரஸ்க் வைத்தாள். கூட்டுகிற அக்கா அதைப் பார்த்துக்கொண்டே போனார். சாயந்திரம் பார்த்தால் ரஸ்க் இல்லை!

அப்படியானால் நாய் நிஜம். எங்கள் கதவு வரைக்கும் வந்திருக்கிறது. அதே நினைப்பில் ஒரு காஜா கோணலாகப் போய்விட்டது, பிரித்துப் போட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

சுற்றறிக்கை எண் 2. இந்த முறை லிஃப்டில் இல்லை, எங்கள் கதவிலேயே.

"முன்னூற்று நான்காம் எண் வீட்டில் விதிகளுக்குப் புறம்பாக நாய் வளர்க்கப்படுவது ஆதாரபூர்வமாகத் தெரியவருகிறது. உடனடியாக அகற்றவும்."

எங்கள் வீடுதான் முன்னூற்று நான்கு.

அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கீழே போனான். அரைமணி கழித்து மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தான்.

"எதிர் வீட்டு ஆன்ட்டி தினமும் பார்க்குறாங்களாம். தகரத்துக்குக் கீழ பழுப்பா, பொசுபொசுன்னு ஒண்ணு போகுது வருதாம். போட்டோகூட எடுத்திருக்காங்களாம்."

"நம்ம பால்கனியிலயா?" என்றாள் அம்மா.

"நம்ம பால்கனியிலதான். அது துணி வேற காயப்போடுதாம்மா. துணி தானா மேல ஏறுதாம். அப்படின்னா பழக்கின நாய், தெரு நாய் இல்ல, வேணும்னே வளர்க்குறாங்கன்னு சுற்றறிக்கை சார் சொல்றாரு. நீ ரஸ்க் வச்சதையும் எழுதி வச்சிருக்காரு."

"துணியை இவதானேடா காயப்போடுறா?"

"அதைத்தாம்மா நானும் சொன்னேன். குடிவந்த அன்னிக்கு ஒரு பொண்ணு தெரிஞ்சதாம், அதுக்கப்புறம் அப்படி ஒரு பொண்ணை அங்க யாருமே பார்த்ததில்லையாம்."

சொல்லிவிட்டு அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தான்.

நானும் அவன் பின்னாலிருந்து பார்த்தேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. நாங்கள் இல்லாத நேரம் பார்த்து நாய் வருகிறது என்றுதான் நினைத்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

அறிவிப்புப் பலகையில் போட்டோவையே ஒட்டிவிட்டார்கள் என்று அண்ணன் சொன்னான். எல்லாரும் சாப்பிட்டுத் தூங்கும் நேரம் பார்த்து நான் மட்டும் படியிறங்கிப் போய்ப் பார்த்தேன்.

மங்கலான படம். தகரத் தடுப்பு, அதன் அடியில் பழுப்பாக மயிர். பக்கத்தில் கறுப்பாக, நீளமாக ஒன்று தொங்குகிறது. அதைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, "வால்" என்று எழுதியிருக்கிறார்கள்.

அது என் பின்னல்.

ஐயோ. ஐயோ. ஐயோ.

நாய் நான்தான்.

நவம்பர் 17, திங்கள்

சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? "அண்ணா, அந்த நாய்…" இவ்வளவு வரைக்கும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

வீட்டு ஓனர் போன் பண்ணினார். அவர் பல் டாக்டர். திட்டுவதைக்கூட நாற்காலியில் படுக்கவைத்தவரிடம் பேசுகிற மாதிரிதான் பேசுவார். "பயப்படாதீங்கம்மா, ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமை நான் வரேன். அதுக்குள்ள நாய் போயிருக்கணும். போகலைன்னா நீங்க போயிடணும். சட்டுன்னு முடிஞ்சிடும்." முன்பு குடியிருந்தவர்களின் நாய் அவர் வீட்டுக் கதவையெல்லாம் கடித்துவைத்ததாம். அதனால்தான் ஒப்பந்தத்தில் முதல் வரியே நாய் கூடாது என்பது.

அம்மா போனை வைத்துவிட்டு, கழுத்தில் அளவு நாடா தொங்க அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கோடவுன் பக்கத்து வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம், வேண்டுமானால் கேட்டுப் பார்க்கலாம் என்று அண்ணன் மெதுவாகச் சொன்னான். அந்தச் சுவர். அந்த பல்பு. அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கோட்டைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் போட்டேன். "நாய்" என்றேன். முட்டி போட்டு நடந்து காட்டினேன்.

அண்ணன் சிரித்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான், உட்கார்ந்து சிரித்தான், தண்ணீர் குடிக்கப் போய் அங்கேயும் சிரித்தான். திரும்பி வந்து என் பின்னலைத் தூக்கிப் பிடித்து, "அம்மா, வாலு!" என்றான்.

அம்மா சிரிக்கவில்லை. என்னைக் கிட்டே கூப்பிட்டு, முட்டியைப் பார்த்தாள். இரண்டும் காய்த்துப்போய்க் கறுத்திருந்தன.

"எத்தனை நாளாடி இப்படி?"

"வந்ததிலிருந்து."

"ஏன்டி?"

"அந்த ஆன்ட்டி கை ஆட்டினாங்கம்மா."

அம்மா எண்ணெயை எடுத்து முட்டியில் தடவினாள். அவளுக்குத் தெரியும். ஒன்பதாவதில் வருகைப் பதிவு எடுக்கும்போது நான் "உள்ளேன்" சொல்வேன், அது டீச்சர் வரைக்கும் போய்ச் சேராது. பாதி வருஷம் வகுப்பிலேயே உட்கார்ந்துகொண்டு வராதவளாக இருந்தேன். வருகை போதவில்லை என்று பரீட்சை எழுத விடவில்லை. அம்மா போய்ச் சண்டை போட்டாள். "உங்க பொண்ணு வந்ததை யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டார்கள். மறு வருஷம் நான் போகவில்லை. ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

நாளைக்கே போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றான் அண்ணன். வேண்டாம் என்று அழுதேன். சொன்னால் அடுக்குமாடி முழுக்கத் தெரிந்துவிடும். லிஃப்டில் எப்படி நிற்பேன்? என்மேல் ஆணை, சொல்லக் கூடாது என்று அம்மாவின் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

"அப்படின்னா என்கிட்ட ஒரு யோசனை இருக்கு" என்றான் அண்ணன். "நாயை வெளியேத்திடலாம்."

"இல்லாத நாயை எப்படிடா வெளியேத்துறது?" என்றாள் அம்மா.

"இல்லாததை வெளியேத்துறதுதாம்மா சுலபம். கடிக்காது."

நவம்பர் 20, வியாழன்

வெளியேற்றினோம்.

பெரிய ஜிப் பையில் இரண்டு தலையணையைத் திணித்து, மேலே கொஞ்சம் பழுப்புத் தெரிகிற மாதிரிக் கோட்டின் கையை வெளியே விட்டு, அண்ணன் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்டில் இறங்கினான். நான் படி வழியாகப் போய்த் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வாசலில் வாட்ச்மேன் தடுத்தார்.

"நாயா தம்பி?"

"ஆமாண்ணே. அத்தை வீட்ல விடப் போறேன்."

"சத்தத்தையே காணோம்?"

"தூங்குது."

வாட்ச்மேன் பைக்கு வெளியே தொங்கிய கோட்டுக் கையைத் தடவிக் கொடுத்தார். "நல்லா வளர்த்திருக்கீங்க. பட்டு மாதிரி இருக்கு. போய்ட்டு வாடா ராஜா" என்றார். அவர் கண் கலங்கியிருந்ததாக அண்ணன் சொல்கிறான். அதை நான் நம்பவில்லை. ஆனால் அண்ணன் பஸ் ஸ்டாப் வரைக்கும் பையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே போனதை நான் பார்த்தேன்.

சாயந்திரமே சுற்றறிக்கை எண் 3: "ஒத்துழைப்புக்கு நன்றி."

நவம்பர் 21, வெள்ளி

என்னை நானே அடித்துக்கொள்ள வேண்டும்.

ராத்திரி அண்ணன் பைக்குள் சுருட்டித் திரும்ப எடுத்துவந்த கோட்டை அலமாரிக்குள் போட்டுப் பூட்டச் சொன்னாள் அம்மா. நானும் தலையை ஆட்டினேன். காலையில் வேலை மும்முரத்தில் குளிர் தாங்கவில்லை. எடுத்துப் போட்டுக்கொண்டது நினைவே இல்லை. நூல்கண்டு உருண்டு பால்கனிக்குப் போயிற்று. நானும் பின்னாலேயே போனேன். எப்படிப் போயிருப்பேன்? வழக்கம்போலத்தான். எதிரே "ஆ!" என்று ஒரு சத்தம் கேட்ட பிறகுதான் சுரணை வந்தது.

சுற்றறிக்கை எண் 4: "வெளியேற்றப்பட்ட நாய் இன்று காலை பத்து மணியளவில் திரும்பி வந்துவிட்டது. வாசலில் யாரும் பார்க்காததால் பின்பக்கப் படியையோ லிஃப்டையோ பயன்படுத்தியதாகத் தெரிகிறது. லிஃப்டில் தனியாக வரும் நாய்க்கு யாரும் கதவு திறந்துவிட வேண்டாம்."

நவம்பர் 22, சனி

அம்மா பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்துவிட்டாள்.

நவம்பர் 23, ஞாயிறு

பதினொரு மணிக்கு வந்தார்கள். ஓனர், சுற்றறிக்கை சார், அவர் கையில் ஒரு ஃபைல். சுற்றறிக்கை சார் வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் நின்றார், நாய் வந்தால் ஓட வசதியாக.

"பயப்படாதீங்க" என்றார் ஓனர். "நாயை மட்டும் கொஞ்சம் காட்டுங்க. ஒரே நிமிஷம்."

"நாய் இல்ல சார்" என்றான் அண்ணன்.

"வியாழக்கிழமை கொண்டுபோய் விட்டீங்களே, அது என்ன?" என்றார் சுற்றறிக்கை சார்.

"அது… அதுவும் இல்ல சார்."

"தம்பி, இருந்ததா இல்லையா? ஒண்ணு சொல்லுங்க. நான் எழுதணும்."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் கதவுக்குப் பின்னால், பாதிதான் தெரிகிற மாதிரி நின்றிருந்தேன். அம்மா பேச வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க சார். நாங்க காலி பண்ணிடுறோம்" என்றாள்.

அவ்வளவுதான். சத்தியம் பண்ணிக்கொடுத்ததற்காக! ஒரு முட்டாள் பொண்ணு கை ஆட்ட மாட்டேன்னு உட்கார்ந்ததுக்காக, அம்மா திரும்பவும் அந்தக் குருட்டு வீட்டுக்குப் போகணுமா? தப்பு பண்ணினவ மாதிரி ஏம்மா தலையைக் குனியணும்?

"நான்தான்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. என் உதடு அசைந்ததை ஓனர் மட்டும் பார்த்தார். பல் டாக்டர் அல்லவா, வாயைத்தான் பார்ப்பார். "என்னம்மா? நல்லாத் திறந்து சொல்லு" என்றார்.

வரவில்லை. அதனால் வேறு வழியில்லாமல் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன், தொப்பியோடு. பின்னலைப் பின்னால் விட்டேன். அவர்கள் இரண்டு பேர் முன்னாலேயே முட்டி போட்டு, கூடத்தைக் கடந்து பால்கனிக்குப் போனேன். இந்தக் கோடிக்கு ஒரு தடவை. அந்தக் கோடிக்கு ஒரு தடவை.

எதிரேயிருந்து ஆன்ட்டியின் குரல், இரண்டு பிளாக்குக்கும் கேட்க: "வந்துடுச்சு! வந்துடுச்சு! சார், அதோ, சீக்கிரம் பிடிங்க!"

நான் எழுந்து நின்றேன்.

தடுப்பை இறுகப் பிடித்துக்கொண்டேன். எதிரே ஆன்ட்டியின் வாய் திறந்தபடியே இருந்தது. சத்தம் கேட்டு மேலும் கீழுமாக எல்லாப் பால்கனியிலும் ஆள். நான் தொப்பியைக் கழற்றினேன். எங்கோ ஒரு குக்கர் மட்டும் விசில் அடித்தது.

பின்னால் சுற்றறிக்கை சார் ஃபைலைத் திறக்கும் ஓசை.

"அப்போ… நாய்?"

"நான்தான் சார்." இந்தத் தடவை கேட்டது.

"துணி காயப்போட்டது?"

"நான்தான்."

"லிஃப்ட்ல திரும்பி வந்தது?"

"நான் போகவே இல்ல சார்."

"ரஸ்க்?"

"அது நான் இல்ல."

அவர் அதையும் குறித்துக்கொண்டார். அப்புறம் பேனாவை மூடிவிட்டு மிகவும் வருத்தமாகச் சொன்னார்: "நாலு சுற்றறிக்கை விட்டுட்டேனேம்மா."

முதலில் ஓனருக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு அண்ணனுக்கு. அப்புறம் பி பிளாக் முழுக்க. நான் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். ஓனர் கதவுக்கு வெளியே நின்று, "முடிஞ்சிடுச்சும்மா, முடிஞ்சிடுச்சு. நீங்க எங்கேயும் போக வேண்டாம். இங்கேயே இருங்க. கதவை மட்டும் கடிக்காத" என்றார்.

எல்லாரும் போன பிறகும் நான் வெளியே வரவில்லை. அம்மா செய்தித்தாளைக் கிழித்துப் பாத்திரங்களை எடுக்கிற சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றாக, அலமாரியில் டங், டங் என்று வைத்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 24, திங்கள்

"சுற்றறிக்கை எண் 5. ஏ பிளாக் நாய் தொடர்பான சுற்றறிக்கைகள் 1 முதல் 4 வரை திரும்பப் பெறப்படுகின்றன. அது ஒரு பெண். ரஸ்க் குறித்த விசாரணை தொடர்கிறது."

நவம்பர் 26, புதன்

பயந்தது நடந்தது. லிஃப்டில் இரண்டாம் மாடிச் சின்னப் பசங்க இரண்டு பேர் என்னைப் பார்த்து "லொள்" என்றார்கள். பாதியிலேயே இறங்கிப் படியேறி வந்து, பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே பல்பைப் போட்டுக்கொண்டு வேலை செய்தேன்.

அம்மா கடையிலிருந்து வந்து பல்பைப் பார்த்தாள். அணைத்தாள்.

நவம்பர் 27, வியாழன்

அம்மா சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒன்றை பால்கனியில் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். பத்து மணிக்கு உட்கார்ந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தால் தலை தெரிகிறது. தெரிந்தது. எதிரே கையைச் சுற்றிக்கொண்டிருந்தவர் ஒரு கையை நிறுத்தி ஆட்டினார்.

என் கையில் ஊசி இருந்தது. ஊசியோடு ஆட்டினேன். நூல் அறுந்துவிட்டது.

நவம்பர் 29, சனி

ஆன்ட்டி வீட்டுக்கே வந்தார். ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்க வேண்டுமாம். கொக்கி ஒன்று. பேச்சு முக்கால் மணி நேரம். எல்லாம் அவரே பேசினார். போகும்போது வாசலில் நின்று, "தப்பா நினைச்சுக்காதே கண்ணு, எனக்கு நாய்னா ரொம்பப் பிடிக்கும். அதனாலதான் தினமும் பார்த்துக்கிட்டே இருந்தேன்" என்றார். பாராட்டா, சமாதானமா என்று தெரியவில்லை. தலையை ஆட்டிவைத்தேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

காலையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், நின்றுகொண்டு. எதிரே ஆன்ட்டி காதில் பாட்டு மாட்டிக்கொண்டு கையைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சமையலறை ஜன்னலில் புகை. முதலில் ஆவி என்று நினைத்தேன். ஆவி இவ்வளவு கறுப்பாக இருக்குமா? அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்து சுற்றிக்கொண்டிருக்கிறார்.

"ஆன்ட்டி" என்றேன்.

சுற்றினார்.

"ஆன்ட்டி! அடுப்பு!"

எனக்கு இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். இன்னும் இரண்டு சுற்று பாக்கி என்கிறாரோ என்னவோ.

அப்புறம் நான் எப்படிக் கத்தினேன் என்று எனக்கே தெரியாது. பி பிளாக்கில் ஐந்து மாடியிலும் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். கீழே வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். யாரோ இரண்டு பேர் ஓடிப்போய்த் தங்கள் வீட்டு அடுப்பையும் அணைத்தார்கள். ஆன்ட்டி காதிலிருந்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். ஒரு பாத்திரம்தான் போயிற்று, வேறு ஒன்றுமில்லை.

உள்ளே துணி வெட்டிக்கொண்டிருந்த அம்மா கத்தரிக்கோலும் கையுமாக ஓடிவந்தாள். "யாருடி அது? யாரு அப்படிக் கத்துனது?"

"நான்தாம்மா."

அம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டி பால்கனி முழுக்க ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள், அங்கே வேறு யாராவது இருக்கிறார்களா என்று.